எந்த நரி?

காட்டிலும் ஒரு விக்கிப்பீடியா உண்டு. அகலமான பாறைதான் அது. கதைகளில் வழக்கமாக வரும் சங்கதிகளுக்கு எடுத்துக்காட்டுகளை யார் வேண்டுமானாலும் அதில் கரித்துண்டால் எழுதலாம். யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். அழிப்பதென்றால் முயலுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

அன்று, 'எச்சரித்தும் கேளாதவர்' என்ற தலைப்பின் கீழ் அணில் மறுபடியும் எழுதியது: "நரி வருது என்று மைனா கத்தியும் ஆடு நகரவில்லை."

முயல் எச்சில் தொட்டு அழித்தது. "எந்த நரி? எந்தப் பக்கமிருந்து வந்தது? கதை தெரியாதவனுக்கு இது புரியுமா தம்பி?"

அணிலுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆடு செத்துப்போச்சுண்ணே. அது புரிஞ்சா போதாதா?"

"தெளிவு வேணும்ப்பா, தெளிவு!"

அப்போது மேலே மைனா அலறியது: "ஓடுங்க, நரி வருது!"

அணில் ஒரே தாவலில் மரமேறிவிட்டது. முயல் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "எந்த நரி? எந்தப் பக்கம்? தெளிவாச் சொல்லு!" என்றது.

மறுநாள் அணில் எழுதியது: "நரி வருது என்று மைனா கத்தியபோது, எந்த நரி என்று முயல் கேட்டது." இனி அழிக்க ஆளில்லை என்ற நிம்மதியோடு கரித்துண்டைக் கீழே வைத்தது.

அந்தப் பக்கமாக வந்த மான் நின்று படித்தது. தலையைச் சாய்த்து யோசித்துவிட்டுக் கேட்டது:

"எந்த முயல்?"