முப்பத்து மூன்றாவது கதவு

எர்ணாவூர்க் குடியிருப்பில் வயிற்றுப்போக்கு பரவியபோது, பாதிக்கப்பட்டது நான்கே பேர் என்றது அரசு. "கேட்டதை எழுதாதே, கதவைத் தட்டி எண்ணு" என்றார் என் செய்தி ஆசிரியர் நிலவன்.

ஒரு பிளாக் முழுவதும் தட்டினேன். எல்லா வீட்டிலும் யாராவது படுத்திருந்தார்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மேல்தளத்தின் கடைசி வீட்டில் ஹில்டா என்ற பெண் நீட்டிய தண்ணீரை மட்டும் மறுக்க மனம் வரவில்லை.

அலுவலகத்தில் எண்ணினால் முப்பத்து மூன்று வீடுகள். நான்கு தளம், தளத்துக்கு எட்டு வீடு, கணக்கு இடித்தது. மறுநாள் திரும்பிப் போனேன்.

"எட்டு வூடுதாம்மா. அதுக்கப்பால செவுருதான் கீது" என்றாள் மேல்தளத்துத் தாயம்மா. ஹில்டாவின் கதவு இருந்த இடத்தில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பழைய சுண்ணாம்பு கையில் ஒட்டியது.

அங்கேயே நின்று ஹில்டாவைப் போனில் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

"யக்கா, எங்க வூட்டாண்ட யாருமே வர்றதில்ல. நீ ஒருத்திதான் வந்து தண்ணி குடிச்ச. என் பேரு பேப்பர்ல வரும்ல?"

"வரும்" என்றேன்.

நிலவன் கேட்டார்: "கதவைக் காட்ட முடியுமா? முடியாதுன்னா அந்தப் பேரை அடிச்சிடு."

அடித்துவிட்டேன். முப்பத்திரண்டு என்று செய்தி வந்தது.

அன்றே எனக்கும் வயிற்றுப்போக்கு தொடங்கியது. நான் குடியிருக்கும் டோல்கேட் பகுதியில் எங்கள் தெருவுக்கும் நோயாளிகளைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். கதவைத் திறந்து காத்து நின்றேன். பக்கத்து வீட்டில் எழுதி முடித்து வந்தவர், நான் நின்ற இடத்தில் கையூன்றிச் செருப்பைச் சரிசெய்தார். உள்ளங்கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்.