தளபதியின் மாறுகண்

ஓசூர் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் விழுகிறது. கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் வீரர்கள் முப்பத்தொன்பது பேர், இட்லித் தட்டை ஓரங்கட்டிவிட்டுப் போருக்கு நிற்கிறார்கள். தொழிற்சாலையில் தர ஆய்வாளரான தமிழரசன், மூச்சை அடக்கிக்கொண்டு, நாற்பதாவது ஆளான தளபதிக்குக் கண் வரைகிறார். மதியம் பெங்களூரில் இந்தப் பொம்மைப் படைகளை மோதவிடும் விளையாட்டு. முழுதாக வண்ணம் பூசாத படையை அங்கே மேசையில் ஏற்றமாட்டார்கள். பஸ்ஸுக்கு இன்னும் அரைமணிதான். தூரிகை மயிரிழை அளவு வழுக்குகிறது. உலகை வெல்லப் புறப்பட்டவருக்கு மாறுகண். தமிழரசனின் கை, பழக்கதோஷத்தில், சிவப்பு ரிஜெக்ட் ஸ்டிக்கரைத் தேடுகிறது. அதே தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நிற்கும் மனைவி அனுப்ரியா குனிந்து பார்க்கிறாள். "எங்க லைன்ல ஒரு கீறல் இருந்தாலே திருப்பி அனுப்புவீங்களே, சார்." தளபதியின் ஒரு கண் போகும் திசையை அவள் திரும்பிப் பார்க்கிறாள். "அடுப்படியப் பாக்கறான். சண்டைக்குப் போறவனுக்கு ஒரு கண்ணு வூட்டு மேல இருக்கத்தான் செய்யும். பாஸ் பண்ணுங்க." தர ஆய்வாளர் தளபதியின் முகத்தை மெல்ல ஊதிக் காயவைக்கிறார்.