கிடா நடத்திய பிரிட்ஜ் கிளப்

சந்தையில் முட்டி மோதிப் பேரம் கற்ற கிடா நான். பிரிட்ஜ் சீட்டாட்டத்தைப் பரப்ப ஒரு கிளப் தொடங்கினேன். எதிர் ஜோடி இரண்டு கொக்குகள். என் ஜோடி ஆமை. இத்தனை பிடி எடுப்போம் என்று கொக்கு ஏலம் கேட்டால் போதும், கையில் சீட்டு இருக்கிறதோ இல்லையோ, மேலே கேட்டுவிடுவேன். தோற்றதும் ஆமையைத் திட்டுவேன்.

"இந்த ஆட்டமும் போச்சுன்னா நான் குளத்துக்கே போயிடுறேன், அண்ணே," என்றது ஆமை.

அது போனால் கிளப்பே இல்லை. கொக்கு ஏலம் கேட்டபோது கொம்பு தினவெடுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆமை மேலே கேட்டு ஏலத்தை எடுத்தது. ஏலம் எடுத்தவரின் ஜோடி சீட்டை விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் விதி. என் சீட்டையும் ஆமையே ஆடியது. ஜெயித்துவிட்டோம்!

"அருமையா ஆடினீங்க, அண்ணே! நாளைக்கும் வர்றேன். இதே மாதிரியே ஆடுங்க," என்றது ஆமை.