தட்டாத நாள்

செல்போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் அந்த வட்ட ஸ்டிக்கர். அதன்மேல் போனை ஒரு தட்டு தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

"தட்டாத, இசக்கி."

கட்டிலில் கிடந்த பெரியவர்தான் சொன்னார்.

அவள் கை நின்றது.

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. விடிந்ததிலிருந்து வீடு வீடாகப் போய், எழுந்திருக்க முடியாதவர்களைத் தூக்கிப் புரட்டித் துடைத்துவிட்ட இடுப்பு. இன்னும் வீடுகள் இருந்தன.

ஸ்டிக்கரை ஒட்டியது அவளை அனுப்பும் கம்பெனி. அதற்கு பேட்டரி இல்லை, சார்ஜ் போட வேண்டியதில்லை. சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கும். போன் தொடும் தூரத்துக்கு வந்தால் போனிடமிருந்தே கொஞ்சம் உயிர் வாங்கிக்கொள்ளும். இது இன்னார் வீடு என்று சொல்லிவிட்டு மறுபடி அடங்கிவிடும்.

உடனே மெல்பர்னில் இருக்கும் மகனுக்குச் செய்தி போகும். பணியாளர் வந்துவிட்டார்.

"தட்டலைன்னா நான் வரவே இல்லன்னு போட்டுருவாவ, ஐயா."

"தெரியும்."

பெரியவர் சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"அன்னைக்கு ஒன் போனு வேலை செய்யலைன்னு தட்டாம விட்டேல்லா. அன்னைக்குத்தான் கூப்பிட்டான். ரொம்ப நேரம் பேசுனான். மெசேஜ் போயிட்டா கூப்பிட மாட்டேங்கான். அப்பா நல்லாருக்காருன்னு நெனச்சுக்கிடுதான்."



போனைப் பைக்குள் போட்டாள். இரக்கமா, வாதாடத் தெம்பில்லையா, அவளுக்கே தெரியவில்லை.

வெந்நீர் வாளியைக் கட்டிலருகே இழுத்தாள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். துண்டை நனைத்துப் பிழிந்து முதுகைத் துடைக்க ஆரம்பித்தாள். எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது.

பாதி முதுகு துடைத்திருந்தபோது அவருடைய போன் அடித்தது.

பெரியவரின் கண் போன இடத்துக்கு அவள் கையும் போனது. ஸ்பீக்கரை அழுத்தி, தலையணையில் அவர் காதோரம் வைத்தாள்.

"அப்பா, அந்தம்மா இன்னும் வரலையா?"

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"வரலப்பா. நீ சாப்ட்டியா?"

"என்னப்பா இது, ரெண்டாவது தடவை. கம்பெனில சொல்லி வேற ஆளை மாத்திரவா?"



பெரியவரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஈர முதுகு ஏறி இறங்கியது.

"மாத்த வேண்டாம்ப்பா. வந்துருவா. பிள்ள என்ன செய்யுது, அதச் சொல்லு."

மகன் சொல்லத் தொடங்கினான். பிள்ளைக்கு முன்பல் விழுந்துவிட்டது. அங்கே மழை. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அவள் கையிலிருந்த துண்டின் நுனியில் தண்ணீர் திரண்டு நின்றது. கீழே வாளி. சொட்டினால் போனில் மகனுக்குக் கேட்கும்.

அவள் துண்டைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

சேலை நனைந்து ஈரம் உள்ளே இறங்கியது. அசையாமல் நின்றாள்.