கொடியில் ஈரச் சட்டை

வேலை பார்க்கும் கம்பெனியில் செம்புக் கம்பி காணாமல் போனதற்காக, விடிவதற்குள் போலீஸார் ராபினை லுங்கியோடு அழைத்துப் போய்விட்டார்கள். இப்போது அவன் அம்மா விக்டோரியாவின் வீட்டில் சோதனை நடக்கிறது. புதுச் சட்டப்படி எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டுமாம். ஏட்டின் செல்போன் அரிசி டின், கட்டிலடி, இயேசு படத்தின் பின்புறம் என்று நிதானமாக ஊர்கிறது. ஒன்றும் அகப்படவில்லை. விக்டோரியா நிம்மதியாக மூச்சு விடுகிறாள். செல்போன் கொல்லைப்பக்கம் திரும்பி, கொடியில் சொட்டும் நீலச் சட்டையில் நிற்கிறது. "இது ராபின் நேத்து வேலைக்குப் போட்டுக்கினு போனதா? எப்பம்மா தொவைச்ச?" "இப்பதான் சார். வீடியோ எடுப்பீங்கன்னு சொன்னாங்க. ஊடு அழுக்கா தெரியக்கூடாதேன்னு ஒரு கறை இல்லாம மொத்தத்தையும் தொவைச்சிட்டேன்." ஏட்டு செல்போனை அவள் வாயருகே கொண்டுவருகிறார். "இன்னொரு தபா சொல்லும்மா. சத்தமா."