இறங்கிய கூடைகள்

குடியிருப்பவரை வீட்டைவிட்டுத் துரத்த அடியாள் வேண்டியதில்லை. மழை போதும். மழையை உள்ளே விடத்தான் ஓர் ஆள் வேண்டும்.

டெரிக்கின் அப்பா இறந்தபோது, பினாங்கு ஜார்ஜ்டவுனில் நூறு வயதைத் தாண்டிய ஒரு மாடி வீட்டையும் அதற்குள் நவமணியையும் மகனுக்கு விட்டுப் போனார். வீடு டெரிக்குக்குப் பிடித்திருந்தது. அதை ஒரு சின்ன ஹோட்டலாகவே மனத்தில் கட்டி முடித்துவிட்டான். அந்த ஹோட்டலில் நவமணி இல்லை. ஆனால், அவராக விரும்பிக் கிளம்பும்வரை அவரை வெளியேற்றக் கூடாது என்று அப்பா வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். செத்தவரோடு சண்டை போட வழியில்லை.

நவமணி மாடியில் மிளகாயும் மல்லியும் உலர்த்தி, மசாலாத்தூள் அரைத்து விற்பவர். கூரை ஒழுகினால் தூள் கட்டிதட்டும். தூள் கட்டிதட்டினால் சோறு இல்லை. கூரையோ மழைக்கு மழை ஒழுகிக்கொண்டிருந்தது. மாடி முழுக்க வாளிகள்.

"தம்பி, கூரையைக் கொஞ்சம் பாருங்களேன்."

"பார்க்கலாம்க்கா."

"எப்ப பார்ப்பீங்க? இன்னும் நாலு ஓடு போச்சுன்னா நான் சாமானைக் கட்டிக்கிட்டு மக வீட்டுக்கே போயிருவேன்லா. சும்மா சொல்லல."

அவர் கெஞ்சித்தான் சொன்னார். டெரிக்கின் காதில் அது யோசனையாக விழுந்தது.

அந்த வாரமே அவனுடைய கார் வைப்பரில் ஓர் அட்டை செருகியிருந்தது. வழக்கமாக வட்டிக்காரர்களின் விளம்பர அட்டைதான் இருக்கும். இதில் 'பழைய வீட்டுக் கூரை வேலை, கோகிலன்' என்றிருந்தது. எண்ணும் இருந்தது. டெரிக் அழைத்தான். வீட்டுக்கு எதிரே இருந்த கோப்பிக்கடையில் சந்தித்தார்கள்.

"ஓடு மாத்தணுமா பாஸ்?"

"எடுக்கணும்."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு ஒண்ணும் இல்ல."

கோகிலன் கோப்பியை ஊதினான். "உள்ள ஆள் இருக்காங்களே?"

"அதனாலதான்."

"பாவம் இல்லையா பாஸ்?"

"பாவத்துக்கும் சேர்த்துத் தர்றேன்."

"அப்ப சரி." ஒரு மடக்குக் குடித்தான். "ஆனா இது பாரம்பரிய வீடு. பெர்மிட் இல்லாம கூரையில ஏறினா ரெண்டு பேரும் மாட்டுவோம். மாநகர் மன்றத்துல பழுதுபார்ப்புன்னு எழுதி வாங்கிருங்க. அப்புறம் மேல நான் என்ன செஞ்சாலும் ஒருத்தனும் கேக்க மாட்டான்."

டெரிக் அவனை ரசித்துப் பார்த்தான். "பெரிய திருடன்லா நீ."

"தொழில் பாஸ்."

அனுமதி வந்தது. சாரம் ஏறியது. சாரத்தைச் சுற்றி நீலக் கித்தான் கட்டினார்கள். டெரிக் தினமும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். கூடைகள் சாக்கு மூடி ஏறின, திறந்து இறங்கின. இறங்கிய ஒவ்வொன்றிலும் பாசி பிடித்த ஓடுகள். அவை லாரியில் விழும் ஓசை அவனுக்கு இனித்தது.

நவமணி ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். "அடேய்! என் தலைக்கு மேல என்னடா பண்ற?"

"வேலை பாக்குறேன்க்கா! ஜன்னலைச் சாத்துங்க, தூசி!"

"கூரையைப் பிரிக்கிறியே, நீ வெளங்குவியா?"

"வெளங்குவேன்க்கா!"

டெரிக் சிரிப்பை அடக்க ரொட்டியைக் கடித்துக்கொண்டான். வேலை முடிந்த அன்று கோகிலன் கேட்டதைக் கொடுத்தான்; தெருவுக்குத் தெரியாமலிருக்க கித்தான் அப்படியே இருந்தது. பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

ஒரு பிற்பகலில் பினாங்கு மழை தன் வேலையைக் காட்டியது. சாக்கடைகள் நிரம்பித் தெருவில் வழிந்தன. நன்றாக ஊறட்டும் என்று டெரிக் பொறுத்தான். பிறகு, வீட்டைக் காலி செய்ய நவமணி கையெழுத்துப் போட வேண்டிய தாளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, முகத்தில் அனுதாபத்தை ஏற்றிக்கொண்டு மாடி ஏறினான்.

தட்டுத் தட்டாக மிளகாய் பரப்பியிருந்தது. ஒன்றுகூட நனையவில்லை. வாளிகள் மூலையில் கவிழ்ந்து கிடந்தன. டெரிக் நிமிர்ந்து பார்த்தான். உத்தரத்துக்கு மேலே ஓடுகள் நெருக்கமாக, ஒரு பொட்டு வெளிச்சமில்லாமல் அடுக்கியிருந்தன. மழை அவற்றின் மேல் தாளம் போட்டது.

"வாங்க தம்பி," என்றார் நவமணி. "உங்க அப்பாகூட எனக்கு இப்படிச் செஞ்சு குடுத்ததில்ல. உங்களைத் தப்பா நெனச்சிட்டேன்."

டெரிக் படிக்கட்டுக்கு ஓடி, கைப்பேசியில் கோகிலனிடம் பல்லைக் கடித்தான். "நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணியிருக்க?"

"எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன் பாஸ். உடைஞ்சது, விரிசல் விட்டது எல்லாம் எடுத்தாச்சு. நீங்கதான் உக்காந்து பார்த்தீங்களே."

"மேல என்னடா ஏத்துன?"

"இடிச்ச வீட்டுப் பழைய ஓடு. நல்ல ஓடு. பெர்மிட்ல பழுதுபார்ப்புன்னுதான எழுதியிருந்தீங்க? வேணும்னா போலீஸ்ல சொல்லுங்க, நானும் வந்து சொல்றேன்."

டெரிக் அழைப்பைத் துண்டித்தான். கையெழுத்து விழாத தாளோடு அவன் இறங்கும்போது நவமணி பின்னாலேயே வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி, கேட்டுக்கிட்டே இருக்கேன்னு. கூரை இனிமே பிரச்சினை இல்ல. இந்தக் குசினித் தரைதான். இன்னும் ரெண்டு கல்லு பெயர்ந்துச்சுன்னா என்னால இங்க ஒரு நாள்கூட இருக்க முடியாது. சும்மா சொல்லல."

டெரிக் நின்றான். சமையலறைத் தரையைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

கார் தெருமுனையில் திரும்பும்வரை நவமணி வாசலில் நின்று கையசைத்தார். பிறகு கெப்பாலா பத்தாசில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளை, தரை வேலைக்குன்னு ஓர் அட்டை அடிங்க. பேரும் நம்பரும் வேற போடுங்க. ஆளையும் வேற அனுப்புங்க, உங்க மூஞ்சி அவருக்குத் தெரியும்."