மெஷின் ஏன் குதிக்கிறது?

துணி பிழியும்போது மட்டும் வாஷிங் மெஷின் ஏன் குதிக்கிறது என்று போனில் ஒரு பெண் கேட்டாள். சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடுவார் என்று புகார்ப் பிரிவு ஊழியருக்குக் கம்பெனியில் பெயர்.

"போனை மெஷின் பக்கத்துல பிடிங்க மேடம்... ஒரு மூலையிலதான் தட்டுது. ஒரு கால் தரையில படலை. வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையா?"

"வாரக்கணக்கா சொல்றேன். 'ம்'னு சொல்லிட்டு டிவி பாக்குறார்."

"காது குடுத்துக் கேட்டா என்ன குறைஞ்சுபோகுது அவருக்கு? கவலையை விடுங்க, நான் ஆள் அனுப்புறேன். விலாசம் சொல்லுங்க."

"விலாசம் எதுக்குங்க? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நீங்களே அந்தக் காலைத் திருகிவிடுங்க. வர்றப்ப பாலும் வாங்கிட்டு வாங்க."

அன்று மாலையே மெஷின் அடங்கியது. அதிலிருந்து வீட்டில் எது கெட்டாலும் மனைவி கம்பெனிக்குத்தான் போன் செய்கிறாள்.